பன்னிரண்டாவது நேயர்

அப்மினிஸ்டரோடு பாதாள ரயில் பாதை முடிந்துவிடும். அதற்கு அப்பாலும் லண்டன் கொஞ்சத் தூரம் இழுபட்டுக்கொண்டு போகிறது என்பது கவுன்சில்காரருக்கும் தபால்காரருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். 1987ஆம் ஆண்டு நவம்பர் கடைசி ஞாயிறு, காலை பதினொரு மணிக்குக் கனகலிங்கத்தின் வெள்ளை வான் அந்தப் பக்கம்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. பனிப்புகார் அப்படி. முன்னால் பத்தடிக்கு மேல் றோட்டு தெரியவில்லை.

வானுக்குள் மூன்று பேர். ஓட்டிக்கொண்டிருந்த கனகலிங்கம் குழுவின் சொந்தக்காரர், டிரம்ஸ் வாசிப்பவர், வாயில் சிகரெட் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பெனடிக்ற், குருநகர்க்காரன். முன் சீட்டில் ஆனந்தராஜா. அவன்தான் பாடகன், அவன்தான் அறிவிப்பாளன்.

இரண்டில் அறிவிப்பாளன் வேலைதான் பெரியது. வானொலி கேட்டு வளர்ந்த சனத்துக்குப் பாட்டு மட்டும் போதாது. அதை விரும்பிக் கேட்கும் நேயர்கள் யார் யார் என்று பெயரும் ஊருமாக நீட்டி வாசிக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு இரண்டு நிமிடப் பெயர். ஈஸ்ட் ஹாமிலோ பிளேஸ்டோவிலோ கலியாணம், பிறந்தநாள் என்றால் பெயர் எழுதிய துண்டுக் காகிதங்கள் மேடைக்கு வந்து குவியும். குவியாத நாட்களில் அறிவிப்பாளனே நாலு பெயரைக் கட்டிவிடுவான். கூட்டம் இல்லாத மண்டபத்தையும் கூட்டமாகக் காட்டுகிற இந்தச் சின்னக் களவை அந்தத் தொழிலில் செய்யாதவர் இல்லை.

ஆனந்தராஜாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எத்தனை பெயர் வாசித்தாலும் முதல் பட்டியலின் கடைசிப் பெயர் எப்போதும் ஒன்றுதான். "மற்றும், கொக்குவிலிலிருந்து சந்திரவதனா."

அவன் மனைவி. கலியாணம் கட்டி எட்டாம் மாதம் அவளை விட்டுவிட்டு வந்தவன். விசா இன்று வரும், நாளை வரும் என்று மூன்று வருடம். செப்டெம்பரில் கடைசிக் கடிதம் வந்தது. ஒக்டோபரில் ஊரில் மறுபடி சண்டை மூண்டது. அன்றிலிருந்து டெலிபோன் இல்லை, தந்தி இல்லை, போய் வந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாம் சாவுக் கதை. ஏழு வாரமாக அவன் ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. அவள் பெயரை மைக்கில் சொல்லும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அவள் எங்கோ ஒரு ரேடியோவுக்கு முன் உயிரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நம்ப முடிந்தது.

கடைசிக் கடிதம் அவன் சட்டைப் பையில் மடிந்து கிழிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வரி அவனுக்கு மனப்பாடம்: "பாட்டாச் செருப்பு வார் அறுந்துபோச்சு. ஊசிப்பின் குத்திப் போட்டுக்கொண்டு திரியிறன். நடக்கேக்கை சடக் சடக் எண்டு சத்தம் போடுது, அம்மா சிரிக்கிறா. உங்களிட்டை வரேக்கைதான் புதுசு வாங்குவன்."

"இறங்குங்கோடாப்பா, வந்திட்டம்" என்றார் கனகலிங்கம்.

அது சதுப்பு நிலத்து ஓரத்தில் ஒரு குட்டிக் கிராமம். பத்து வீடு, ஒரு தேவாலயம், ஒரு பப். பப் தாழ்ந்த கூரையோடு மண்ணுக்குள் அரைவாசி புதைந்ததுபோல் இருந்தது. உள்ளே கல் பாவிய தரை, கறுத்த உத்தரங்கள், கணப்பில் நெருப்பு. சுவரோரமாக நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பியரும் பழைய புகையும் கலந்த வாடை.

இந்தப் பயணத்துக்குக் காரணமான லெட்சுமணன் கதவடியிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இந்தக் கிராமத்திலேயே வீடு வாங்கிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை மதியம் தமிழ்ப் பாட்டு வைத்தால் இருபது குடும்பம் வரும் என்று பப்காரி மிஸஸ் கிளெக்கிடம் அடித்துச் சொன்னவர் அவர்தான்.

"பனி மிஸ்டு ரொம்ப மோசம் லா, ஆனந்தராஜா. டிரெய்ன் எல்லாம் பார்க்கிங் ஸ்டேஷன்லயே நிக்குதாம். இப்போதைக்கு நான் மட்டும்தான்."

"நீங்கள் ஒராள் போதும், ஐயா. நீங்கள் கை தட்டுற சத்தமே பெரிசு" என்றான் பெனடிக்ற்.

மிஸஸ் கிளெக் அறுபது வயது, வாட்டசாட்டமான பெண். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பன்னிரண்டுக்குத் தொடங்கலாம், இரண்டு மணிக்கு மணி அடிப்பேன், ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் அது, அதற்குமேல் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கணப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கனகலிங்கம் டிரம்ஸைப் பூட்டிவிட்டு, குழுவின் துணிப் பதாகையைச் சுவரில் கட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு கறுப்புப் பலகை தொங்கியது. பதாகை அதன் மேல்பாதியை மூடியது. கீழ்ப்பாதியில் பொன் எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் தெரிந்தன. டார்ட்ஸ் போட்டியில் வென்றவர்களாக இருக்கும் என்று ஆனந்தராஜா நினைத்தான். பதாகையை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பன்னிரண்டு அடித்தது. லெட்சுமணன் முன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூலையில் உள்ளூர்க் கிழவர் ஒருவர் தன் நாயோடு. அவ்வளவுதான் சபை.

துண்டு ஒன்றுகூட இல்லை. லெட்சுமணனின் முகத்தைப் பார்க்க ஆனந்தராஜாவுக்குப் பாவமாக இருந்தது. மைக்கை எடுத்தான். வாசிக்கப் பெயர் வேண்டும். கண்ணில் பட்டது பலகை.

"அன்பான நேயர்களே, வணக்கம். முதலாவதாக ஒலிக்கும் இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்..." குரலை இறக்கி, ஒவ்வொரு பெயருக்கும் உரிய இடைவெளி விட்டு, அசல் வானொலிப் பாணியில் வாசித்தான். "ஜோசையா வின்ச். ஆல்பர்ட் ஹக்கெட். அவரது சகோதரர் எட்வின் ஹக்கெட். தாமஸ் ப்ரூ..."

லெட்சுமணன் வாய்விட்டுச் சிரித்தார். கனகலிங்கமும் சிகரெட்டுக்கு மேலால் சிரித்தார். பதினொரு பெயர். ஒன்றையும் விடவில்லை.

"மற்றும், கொக்குவிலிலிருந்து சந்திரவதனா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பாட்டு தொடங்கியது. பழைய காதல் பாட்டு ஒன்று. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தபோது, பாருக்குப் பின்னால் மிஸஸ் கிளெக் கிளாஸ் ஒன்றைத் துடைத்தபடி அப்படியே நின்றுவிட்டதை ஆனந்தராஜா கண்டான். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெயர்கள் தமிழில்லையே.

பாட்டு முடிந்தது. லெட்சுமணன் கைதட்டினார்.

கைதட்டல் ஓய்ந்த அந்த மௌனத்தில் கதவு திறந்தது.

யாரும் இல்லை. புகார் மட்டும் தரையோடு தரையாக உள்ளே வந்தது. கூடவே ஒரு மணம். சேறு, நனைந்த கம்பளித் துணி, பித்தளை துலக்கும் எண்ணெய். கிழவரின் நாய் எழுந்து நின்று, உறுமாமல், வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு பின்கதவால் போய்விட்டது. கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்.

"கதவு சரியா பூட்டலை போல" என்று லெட்சுமணன் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

அடுக்கியிருந்த நாற்காலிகளில் மூன்று, மேடையைப் பார்த்தபடி வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அவற்றை யார் எடுத்தார்கள் என்று ஆனந்தராஜா காணவில்லை. கனகலிங்கம் குச்சியைத் தட்டி இரண்டாவது பாட்டைத் தொடங்கிவிட்டார்.

அது பைலா, ஆட வைக்கிற துள்ளல் பாட்டு. பெனடிக்ற்றுக்கு உயிர். ஆனால் பாதியில் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தான். பாட்டுக்குக் கீழே, அடிவயிற்றில் விழுகிற மாதிரி, வேறொரு சத்தம் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. பெரிய ஊதுகுழல் ஒன்றைத் தூரத்தில் நின்று யாரோ தாளம் தப்பாமல் ஊதுவதுபோல்.

பாட்டு முடிந்தது. மௌனம்.

கதவு திறந்தது.

இந்த முறை காலடி கேட்டது. கனத்த, தண்ணீர் ஏறிய சப்பாத்துகள். சளக், சளக். கல் தரையில் ஈரத் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து வந்தன. ஆனந்தராஜா கண் முன்னாலேயே ஒரு நாற்காலி அடுக்கிலிருந்து இறங்கி, தரையில் உரசி, வரிசையில் நான்காவதாக நின்றது. அடுத்தது ஐந்தாவது. ஆறு. ஏழு. ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

லெட்சுமணன் எழும்பிவிட்டார். பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அண்ணை" என்றான் பெனடிக்ற் மெல்ல. "எனக்குத்தான் தெரியுதோ?"

"எனக்கும் தெரியுது."

மிஸஸ் கிளெக் பாரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். ஆனந்தராஜாவின் கையைப் பிடித்தாள். அவள் கை பனிக்கட்டி.

"அந்தப் பெயர்களை ஏன் வாசித்தாய்?" ஆங்கிலத்தில், காதோடு காதாகக் கேட்டாள்.

"விளையாட்டுக்கு. டார்ட்ஸ் ஆட்கள் என்று நினைத்தேன்."

அவள் எட்டிப் பதாகையை இழுத்தாள். பலகை முழுதாகத் தெரிந்தது. இந்தக் கிராமத்தின் பித்தளை வாத்தியக் குழு. 1894ஆம் ஆண்டு நவம்பரில் வாசித்துவிட்டுத் திரும்பும் வழியில், பனிப்புகாரில் வண்டியோடு சதுப்பு நிலத்தில் அமிழ்ந்து இறந்துபோனவர்கள். அவர்கள் நினைவாக.

"என் கணவர் வீட்டார் நாலு தலைமுறையாக இந்த இடத்தை நடத்துகிறார்கள். துடைப்போம், பொன் பூசுவோம். ஒருவரும் வாய்விட்டு வாசிப்பதில்லை. வாசித்தால் வருவார்கள். பாட்டு ஓய்கிற நேரம் பார்த்து, எழுதிய ஒழுங்கிலேயே வருவார்கள்."

"வந்தால்?"

"கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு மணிக்கு நான் மணி அடித்தால் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் சொல்வார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை." அவள் விரலால் பெயர்களை எண்ணிக் காட்டினாள். "பலகையில் பதினொரு பெயர். நீ பன்னிரண்டு வாசித்தாய். நான் எண்ணினேன். அந்தக் கடைசிப் பெயர் யாருடையது?"

"என் மனைவி."

"இறந்துவிட்டாளா?"

ஏழு வாரமாக ஒருவரும் அவனை நேராகக் கேட்காத கேள்வி அது. அவன் தன்னையே கேட்காத கேள்வி.

"தெரியாது" என்றான். "தெரியாது. எனக்குத் தெரியாது."

மிஸஸ் கிளெக் அவனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் வந்தவர் வராமல் இருக்க மாட்டார். உயிரோடு இருந்தாலும், அந்தக் கதவால் வருகிறவர் உயிரோடு வரப் போவதில்லை.

அவன் கனகலிங்கத்தின் பக்கம் பாய்ந்தான். "கனகண்ணை, அடியுங்கோ! நிப்பாட்டாதேங்கோ. என்ன நடந்தாலும் நிப்பாட்டாதேங்கோ!"

"என்னடாப்பா இது, பேய் வீடோ? வா, வானுக்கை ஏறுவம்!"

"ஏலாது அண்ணை. பாட்டு நிண்டால் வதனா வந்திடுவள்."

கனகலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் ஆனந்தராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிகரெட்டைத் துப்பிவிட்டு அடிக்கத் தொடங்கினார். நல்ல மனிதர். ஆனால் பழக்கம் பொல்லாதது. முப்பது வருடம் மேடை ஏறிய கை, மூன்றாவது பாட்டின் கடைசி அடி வந்ததும் தன்பாட்டில் ஒரு உருட்டு உருட்டி, தாளத் தட்டில் ஓங்கிப் போட்டு முடித்துவிட்டது. முடித்த பிறகுதான் அவரே திடுக்கிட்டார்.

அந்த ஒரு மூச்சு மௌனத்தில் கதவு திறந்து, நான்கு பேர் வந்தார்கள்.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

வரிசை நிறைந்தது. இப்போது புகாருக்குள் உருவங்களும் தெரிந்தன. நனைந்து தொங்கும் கோட்டுகள், மார்பில் பித்தளைப் பொத்தான்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, நல்ல சபையார் போல, அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

பதினொருவருக்கும் பக்கத்தில் பன்னிரண்டாவது நாற்காலி தானாக வந்து நின்றது.

"அடியுங்கோ அண்ணை!"

நான்காவது பாட்டை அவர்கள் நிறுத்தவே இல்லை. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. முடிவு வருகிற இடத்தில் பெனடிக்ற் கம்பியில் வேறு சுரம் பிடித்து அடுத்த பாட்டுக்குள் பாய்ந்தான். அவன் விரல் வெட்டி இரத்தம் வந்தது. கனகலிங்கத்தின் வியர்வை டிரம்ஸில் விழுந்தது. ஆனந்தராஜா பாடினான். தொண்டை கிழியப் பாடினான், சொல் மறந்தால் சொல்லைக் கட்டிப் பாடினான். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது. மணி அடிக்க இன்னும் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம் பாடிவிட்டால் அவள் பிழைத்துவிடுவாள். அதை மட்டும் நினைத்தான். முருகா, நாற்பது நிமிடம். பிறகு என் குரல் போகட்டும்.

ஒன்று முப்பத்தைந்து. ஒன்று நாற்பது.

நாற்காலிகளிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒன்றுசேர்ந்து, கல்லிடுக்கால் ஓடி, கணப்பைச் சுற்றி வந்து, தரையில் கிடந்த பிளக் பெட்டியைத் தொட்டது.

'டப்' என்றது.

ஸ்பீக்கர் செத்தது. கிட்டார் செத்தது. விளக்குகள் அணைந்தன. கனகலிங்கம் திகைத்துப்போய்க் குச்சியைத் தூக்கியபடியே நின்றார்.

மௌனம்.

கதவு மெதுவாகத் திறந்தது.

சேற்று மணம் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பின் மணம் வந்தது. நல்லெண்ணெய் வைத்த தலைமயிரின் மணம் வந்தது. மூன்று வருடமாகத் தலையணையில் தேடித் தேடி மறந்துபோன மணம்.

புகாருக்குள், வாசல் கல்லில், ஒரு காலடி.

சடக்.

"அண்ணை..." என்று அழுதான் பெனடிக்ற்.

சடக்.

"வதனா, வராதை!" ஆனந்தராஜா கத்தினான். "போ! திரும்பிப் போ! நான் கூப்பிடேல்லை!"

சடக். காலடி நிற்கவில்லை. பன்னிரண்டாவது நாற்காலி, உட்கார வருகிறவருக்கு வசதியாக, ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அப்படி மரியாதையாக அதை இழுத்துவிட்டது பதினோராவது ஆளின் கை.

அவன் மைக்கை எடுத்தான். செத்த மைக். "அந்தக் கடைசிப் பெயரை நீக்கிவிடுங்கள். அது பட்டியலில் இல்லை. தவறுதலாக வாசித்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் மன்றாடினான், தமிழில் மன்றாடினான். பதினொரு சேற்று முகங்களும் அசையவில்லை. சடக். அவள் நிலைப்படியைத் தாண்டப் போகிறாள். மங்கலாக ஒரு சேலைக் கரை தெரிந்தது.

வாசித்த பெயரைத் திரும்ப எடுக்க முடியாது. எந்த அறிவிப்பாளனுக்கும் அது தெரியும். காற்றில் போனது போனதுதான். ஆனால் பிழை விட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊர் வானொலியில் ஆயிரம் தடவை கேட்ட முறை.

ஆனந்தராஜா நிமிர்ந்து நின்றான். கண்ணைத் துடைத்தான். முதலில் எப்படி வாசித்தானோ அதே பாணியில், அதே நிதானத்தில் சொன்னான்.

"நேயர்களுக்கு ஒரு திருத்தம். சற்று முன்னர் வாசிக்கப்பட்ட பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம். அந்தப் பெயர் சந்திரவதனா அல்ல. பிளேஸ்டோவிலிருந்து... ஆனந்தராஜா."

காலடி நின்றது.

பதினொரு தலைகளும் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் காலடி புறப்பட்டது. இப்போது சடக் சத்தம் இல்லை, ஒரு கால் வெறுங்காலாக, ஓடுகிற மாதிரி, தூரமாகித் தூரமாகிப் போனது. மிஸஸ் கிளெக்குக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கடிகாரத்தைப் பார்க்காமலே பாய்ந்துபோய், இரண்டு மணியாக இன்னும் பத்து நிமிடம் இருக்க, மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள்.

விளக்கு வந்தபோது பதினொரு நாற்காலிகள் நனைந்திருந்தன. பன்னிரண்டாவது உலர்ந்து கிடந்தது.

நிலைப்படியில் ஒற்றைப் பாட்டா ஒன்று கிடந்தது. நீல வார். அறுந்த இடத்தில் ஊசிப்பின்.

அதற்குப் பிறகு ஆனந்தராஜா மைக் பிடிக்கவில்லை. பாட்டாவைச் செய்தித்தாளில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தான். கடிதம் வரும்வரை அவன் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஜனவரி நடுவில் வந்தது. விலாசம் அவள் கையெழுத்து. அதைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான்.

அதற்கு அடுத்த வருடம் மார்ச்சில் அவள் வந்து சேர்ந்தாள். ஹீத்ரோவில் பெனடிக்ற்றும் கனகலிங்கமும் மாலையோடு நின்றார்கள். ஆனந்தராஜா முதலில் பார்த்தது அவள் காலை. புதிய செருப்பு.

ஒரு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு, அவளாகவே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டோ? பைத்தியம் எண்டு நினைக்காதேங்கோ. அந்த நவம்பரிலை, நாங்கள் கோயிலிலை அகதியா இருக்கேக்கை, பின்நேரம் போலை உங்கடை குரல் கேட்டுது. ரேடியோவிலை சொல்லுற மாதிரி, என்ரை பேரைச் சொன்னியள்."

அவன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"எழும்பிப் போனன். அம்மா கூப்பிட்டது காதிலை விழேல்லை. கோயில் கேற்றைத் தாண்டினால் ஒரே வெள்ளையா இருந்துது, எங்கடை ஊரிலை அப்பிடிப் பனி இல்லையே. உள்ளை கொஞ்ச ஆம்பிளையள் இருந்தவை, நனைஞ்சுபோய். எனக்கு ஒரு கதிரை இழுத்துவிட்டினம். பேந்து நீங்கள் உங்கடை பேரைச் சொன்னியள். அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சுது. ஒரு பாட்டாவையும் விட்டிட்டு ஓடியந்திட்டன். நான் கோயிலுக்குள்ளை கால் வைக்க, கேற்றடியிலை ஷெல் விழுந்துது."

அவன் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தான். செய்தித்தாளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். அவள் ஊசிப்பின்னைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஓடியரேக்கை திரும்பிப் பாத்தனான்" என்றாள் பிறகு. "அவையள் எழும்பி வரிசையா நடந்து போச்சினம். நடுவிலை ஒராள் நிக்கிற அளவுக்கு இடம் விட்டுப் போச்சினம்."

அன்றிலிருந்து அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததால் வராமல் இருக்கப் போவதுமில்லை. நவம்பர் மாதத்தில், புகார் இறங்குகிற ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு மணிக்குச் சற்று முன், பிளேஸ்டோ வீட்டின் வாசல் படியில் ஈரத் தடங்கள் விழுகின்றன. பதினொரு சோடி. நடுவில் ஓர் இடைவெளி. சந்திரவதனாதான் முதலில் போய்க் கதவைத் திறப்பாள், அவனை விடமாட்டாள். வாளியில் தண்ணீர் எடுத்துத் தடங்களைக் கழுவுவாள். "போங்கோ. அவர் வரமாட்டார்" என்று வெறும் றோட்டைப் பார்த்து, கெஞ்சுவதா ஏசுவதா என்று தெரியாத குரலில் சொல்லுவாள்.

1994ஆம் ஆண்டும், அந்தப் பதினொருவரும் இறந்து நூறாவது வருடம், அப்படித்தான் போனாள். போனவள் வாளியைத் தூக்காமல் நின்றுவிட்டாள். ஆனந்தராஜா அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

பதினொரு சோடித் தடங்கள். நடுவில் இருந்த இடைவெளியில், முதல்நாள் மாலை வீட்டுக்குள் சுவர்த் தட்டில் அவன் தன் கையாலேயே வைத்த சப்பாத்துச் சோடி, முனை றோட்டைப் பார்த்தபடி இருந்தது. சேறு துடைத்து, நாடா அவிழ்த்து, கால் நுழைக்க வசதியாக நாக்கை வெளியே இழுத்துவிட்டிருந்தது.